வேண்டும் என்று தோன்ற வைப்பது எது?

என் பெரியப்பா தென்காசியில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிடுவார். தெருமுனைக் கடையில் இரண்டு பேப்பர் வாங்கிவந்து, திண்ணையில் உட்கார்ந்து காபியோடு வரிவிடாமல் படிப்பார். அறுபத்திரண்டாவது வயதில் அந்தப் பழக்கம் மெல்ல நின்றுபோனது. பேப்பர் மடித்தது மடித்தபடி திண்ணையில் கிடக்கும். அவரும் பக்கத்திலேயே இருப்பார், ஆனால் எடுக்க மாட்டார். காபி ஆறி ஏடு படிந்துவிடும். எடுத்துக் கையில் கொடுத்தால் குடிப்பார், "நல்லா இருக்கு" என்றும் சொல்வார். கொடுக்காவிட்டால் டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

"சோம்பல் புடிச்சுப் போச்சு அவுகளுக்கு" என்றார் பெரியம்மா. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று நாங்களும் இருந்துவிட்டோம். வலது கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் நரம்பியல் மருத்துவரிடம் போனார்கள். பார்கின்சன் நோய். நடுக்குவாதம் என்று சொல்கிறோமே, அதுதான்.

மாத்திரை தொடங்கிச் சில வாரங்களில் நடுக்கம் குறைந்தது. பேப்பரைப் பிரித்தார். கடைத்தெருவுக்குப் போனார். வீடே நிம்மதியானது. ஏழெட்டு மாதம் கழித்து வேறொன்று ஆரம்பித்தது. காலை பஸ்ஸில் செங்கோட்டை, புளியரை வழியாக ஆரியங்காவுக்குப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டு வாங்கிவருவார். தமிழ்நாட்டில் லாட்டரி 2003லேயே நின்றுவிட்டது, மலையைத் தாண்டினால் கிடைக்கும். முதலில் வாரம் ஒரு சீட்டு. அப்புறம் தினம் ஒன்று, பிறகு கட்டாக. மதியம் மூன்று மணிக்குக் குலுக்கல். அதற்கு அரை மணி முன்னாலிருந்தே செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளுக்கும் வாசலுக்கும் நடப்பார். நிகழ்தகவுப் பாடம் நடத்தும்போது லாட்டரியையே உதாரணமாகச் சொல்லி, "இதுல ஜெயிக்கிறதுக்கு முன்னால இடி விழுந்துரும்டா" என்று பிள்ளைகளிடம் சொன்னவர் அவர். பீரோவில் வேட்டி அடுக்குக்குக் கீழே ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக்கட்டுகளைப் பெரியம்மா கண்டெடுத்தபோது, ஐந்து மாதப் பென்ஷன் போயிருந்தது.

மருத்துவர் மாறிய பிறகு, புதிதாகப் பார்த்தவர் பெரியம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மாத்திரை ஆரம்பிச்ச பிறகு புதுப் பழக்கம் ஏதாவது வந்திருக்காம்மா? சூதாட்டம், கண்டதையும் வாங்குறது, ராத்திரி எழுந்து சாப்பிடுறது?" பெரியம்மா அழுதுவிட்டார். ஒரு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, வேறொன்றின் அளவைச் சற்றுக் கூட்டினார்கள். மூன்று மாதத்துக்குள் ஆரியங்காவு பஸ் அவருக்குத் தேவைப்படாமல் போனது.

ஒரே மனிதர்தான். ஒரு வருடம், கைக்கெட்டும் தூரத்திலிருந்த காபியை எடுக்கத் தோன்றவில்லை. இன்னொரு வருடம், மலை தாண்டிப் போய்ச் சீட்டு வாங்காமல் இருக்க முடியவில்லை. இரண்டிலும் அவருடைய அறிவு குறையவில்லை, ஒழுக்கமும் மாறவில்லை. மூளைக்குள் டோபமின் என்ற சின்ன மூலக்கூறின் கணக்குதான் மாறியிருந்தது. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள அன்றிலிருந்து நான் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பிடிக்கும், வேணும்

டோபமினை 'மகிழ்ச்சி ரசாயனம்' என்று சொல்லாத யூடியூப் காணொளி இல்லை. அந்தப் பெயருக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1954ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் என்ற இருவர், எலியின் மூளைக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, ஒரு நெம்பியை அழுத்தினால் அந்த இடத்தில் மின்சாரம் பாயும்படி வைத்தார்கள். கம்பி சில குறிப்பிட்ட இடங்களில் இருந்தபோது, எலி மணிக்கு நூற்றுக்கணக்கான தடவை நெம்பியை அழுத்திக்கொண்டே இருந்தது. மூளையின் இன்ப மையத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பேச்சானது. அந்தப் பாதைகளில் டோபமினுக்குப் பெரிய பங்கு உண்டென்று பின்னால் தெரிந்ததும், டோபமின் என்றால் இன்பம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்த முடிவை அசைத்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ். இனிப்பு நாக்கில் பட்டால் எலியும் குழந்தையைப் போலவே உதட்டை நக்கும், கசப்பு பட்டால் முகத்தைச் சுளிக்கும். டோபமின் நரம்பணுக்களை ஏறக்குறைய முழுதாக அழித்த எலிகளின் வாயில் சர்க்கரைக் கரைசலை விட்டுப் பார்த்தார். வழக்கம்போல உதட்டை நக்கின. சுவை கொஞ்சமும் குறையவில்லை. ஆனால் அதே எலிகள், எதிரே உணவு இருந்தாலும் தாமாகப் போய் எடுத்துச் சாப்பிடவில்லை.

1990களில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் பால்மிட்டரின் குழு, பிறவியிலேயே டோபமின் உண்டாக்க முடியாத சுண்டெலிகளை உருவாக்கியது. சில வாரம் வளரும், அப்புறம் உணவு பக்கத்திலேயே இருக்கப் பட்டினியால் சாகும். வாயில் ஊட்டினால் மென்று விழுங்கும். டோபமினாக மாறக்கூடிய லெவோடோபாவை ஊசியாகப் போட்டால் சில மணி நேரம் எழுந்து நடந்து தாமாகச் சாப்பிடும். மருந்தின் வேகம் தணிந்ததும் மறுபடி அப்படியே கிடக்கும்.

இதைப் படித்தபோது எனக்குத் திண்ணையில் ஏடு படிந்த அந்தக் காபிதான் ஞாபகம் வந்தது. கையில் கொடுத்தால் "நல்லா இருக்கு" என்று குடித்த மனிதர். சுவை போகவில்லை. எடுக்க வேண்டும் என்ற உந்துதல்தான் போயிருந்தது.

நம் பேச்சில் இதற்கு இரண்டு தனித்தனிச் சொற்கள் எப்போதும் இருக்கின்றன. 'பிடிக்கும்' ஒன்று, 'வேணும்' இன்னொன்று. மூன்று வயதுக் குழந்தைகூட இரண்டையும் மாற்றிச் சொல்லாது. மூளையிலும் இரண்டும் தனித்தனி ஏற்பாடுகள் என்பதுதான் பெரிட்ஜ் காட்டியது. பிடித்தலில் மூளை தானே சுரக்கும் ஓபியம் போன்ற பொருள்களுக்குப் பங்கு அதிகம். வேண்டுதலை நடத்துவது டோபமின். போதைக்கு அடிமையான ஒருவர், "இப்போ அதுல சுகமே இல்ல, ஆனா விட முடியல" என்று சொன்னால் நாம் நம்புவதில்லை. அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பிடித்தல் குறைந்துகொண்டே போக, வேண்டுதல் மட்டும் ஏறிக்கொண்டே போகும் என்று பெரிட்ஜும் டெரி ராபின்சனும் 1993லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

முயலின் காதுகள்

டோபமினுக்கு மூளையில் சொந்தமாக ஒரு வேலை இருக்கிறது என்பதே 1957 வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. அது தெரியவந்த கதையில் நம் மண்ணின் செடி ஒன்று இருக்கிறது.

சர்ப்பகந்தா வேர் இந்திய மருத்துவத்தில் வெகுகாலமாகப் புழங்கிவந்தது. 1949ல் மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், அது ரத்தக் கொதிப்பைக் குறைப்பதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட, உலகம் அந்த வேரைத் திரும்பிப் பார்த்தது. 1952ல் ஸ்விட்சர்லாந்தின் சீபா நிறுவனம் அதிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தது. ரத்தக் கொதிப்புக்கும் மனநோய்க்கும் அதைக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் சிலர் எதிலும் நாட்டமின்றித் துவண்டுபோனார்கள்.

ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் ஆர்விட் கார்ல்சன், ரெசர்பினை முயல்களுக்குக் கொடுத்தார். முயல்கள் காது தொங்க, அசையாமல் கிடந்தன. அதன் பிறகு லெவோடோபாவை ஊசியாகப் போட்டார். கொஞ்ச நேரத்தில் காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்து நடமாடின. மருந்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அந்த முயல் படங்கள் மருத்துவ வரலாற்றில் பேர்போனவை. ரெசர்பின் மூளையின் டோபமின் சேமிப்பைக் காலி செய்கிறது, லெவோடோபா அதை நிரப்புகிறது என்று கார்ல்சன் நிறுவினார். 2000ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நிமிர வைத்த லெவோடோபாவுக்கும் நம் பக்கத்துத் தொடர்பு உண்டு. வேலியோரம் படர்ந்து, தொட்டால் அரிப்பெடுக்க வைக்கும் பூனைக்காலிக் கொடி தெரியுமல்லவா? அதன் விதையில் லெவோடோபா இருப்பதை 1937ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கூடத்தில் எம். தாமோதரன், ஆர். ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். கார்ல்சனின் முயல்களுக்கு இருபது வருடம் முன்பு, அது மூளைக்கு மருந்தாகும் என்று யாரும் நினைக்காத காலத்தில். (இதைப் படித்துவிட்டுப் பூனைக்காலிப் பொடி வாங்கிவிட வேண்டாம். ஒரு கரண்டியில் எவ்வளவு லெவோடோபா இருக்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது ஆபத்தாகவும் முடியலாம்.)

1960ல் வியன்னாவில் ஓலே ஹார்னிகீவிச், பார்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்து, ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் டோபமின் வெகுவாகக் குறைந்திருப்பதைக் கண்டார். அடுத்த வருடமே நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்துப் பார்த்தார்கள். எழ முடியாமல் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஏன் டோபமினையே நேரடியாகக் கொடுப்பதில்லை? ரத்தத்திலிருந்து மூளைக்குள் அது நுழைய முடியாது. லெவோடோபாவால் முடியும், உள்ளே போய் டோபமினாக மாறும். 'டோபமின் கூட்டும்' என்று ஏதாவது டப்பாவில் எழுதி விற்றால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கொசுறு

டோபமின் நரம்பணுக்கள் எண்ணிக்கையில் மிகக் குறைவு. மனித மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்களில் இவை சில லட்சம்தான். ஆனால் ஒவ்வொன்றும் மூளையின் பெரும் பரப்புக்குக் கிளை விரித்திருக்கிறது. இவை என்ன சேதி சொல்கின்றன?

காய்கறிக்காரம்மாவிடம் வாங்குகிறீர்கள். பையைக் கட்டும்போது கேட்காமலேயே ஒரு கைப்பிடி கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் போடுகிறார். முதல் தடவை மனசு குளிரும். ஒரு மாதம் தினமும் போட்டால் அது வாடிக்கையாகிவிடும், கவனிக்கக்கூட மாட்டீர்கள். ஒருநாள் போடாமல் விட்டால்? நீங்கள் காசு கொடுத்த காய் ஒன்றும் குறையவில்லை. இருந்தாலும் சுருக்கென்று இருக்கும்.

ஸ்விட்சர்லாந்தின் ஃப்ரிபோர்க்கில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், குரங்குகளின் டோபமின் நரம்பணுக்களில் ஒவ்வொன்றாகக் காதுகொடுத்துக் கேட்டது இதைத்தான். சும்மா இருக்கும்போது ஒரு நரம்பணு நொடிக்கு மூன்று முதல் ஐந்து முறை துடிக்கும். எதிர்பாராமல் வாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் படபடவென்று துடிக்கும். விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றுக்கொண்ட பிறகு, துடிப்பு விளக்குக்கு மாறிவிடும். சாறு வரும்போது ஒன்றும் நடக்காது. விளக்கு எரிந்தும் சாறு வராமல் போனால், வந்திருக்க வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு இயல்பைவிடக் கீழே இறங்கும்.

ஆக, இந்த நரம்பணுக்கள் பரிசை எண்ணுவதில்லை. நினைத்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை எண்ணுகின்றன. 1997ல் ஷுல்ட்ஸ், பீட்டர் டயான், ரீட் மான்டேக் மூவரும் ஒன்றைக் கவனித்து எழுதினார்கள். இயந்திரங்களுக்கு அனுபவத்திலிருந்து கற்பிக்க ரிச்சர்ட் சட்டனும் ஆண்ட்ரூ பார்ட்டோவும் வகுத்திருந்த கணித விதியில் ஒரு பிழைத்திருத்த எண் வரும். குரங்கின் நரம்பணு எழுப்பிய ஒலி ஏறக்குறைய அந்த எண்ணாகவே இருந்தது. கணினிக்காக எழுதிய சூத்திரம் குரங்கின் நடுமூளையில் கிடைத்தது எனக்கு இன்றும் வியப்புதான்.

இந்தத் துடிப்பு அடுத்த முடிவை எப்படி மாற்றுகிறது? ஸ்ட்ரையேட்டத்தில் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று 'செய்' என்று தள்ளும், இன்னொன்று 'வேண்டாம்' என்று பிடித்து இழுக்கும். டோபமின் ஏறும்போது 'செய்' பாதை பலப்படுகிறது. இறங்கும்போது 'வேண்டாம்' பாதை பலப்படுகிறது. நாம் அனுபவத்தில் அடிபட்டுத் திருந்துவதற்கு அந்த இறக்கம் அவசியம்.

2004ல் மைக்கேல் ஃப்ராங்க் பார்கின்சன் நோயாளிகளிடம் இதைச் சோதித்தார். திரையில் இரண்டு குறிகள் வரும், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சரியா தப்பா என்று உடனே சொல்லப்படும். மருந்து சாப்பிடாத நிலையில் அவர்கள் தப்பிலிருந்து நன்றாகக் கற்றார்கள், எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தது. மருந்து உள்ளே இருக்கும்போது தலைகீழ். எது பலன் தரும் என்று கற்றார்கள், எதைத் தவிர்ப்பது என்பதில் தடுமாறினார்கள்.

ஆரியங்காவு பஸ்

இப்போது பெரியப்பாவின் சீட்டுகளுக்கு வரலாம். அவருக்குக் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று பிரமிபெக்சோல். லெவோடோபாவைப் போல டோபமினாக மாறும் மருந்தில்லை இது, டோபமினைப் போலவே நடித்து அதன் ஏற்பிகளில், அதாவது நரம்பணுவில் டோபமின் வந்து ஒட்டும் இடங்களில், போய் உட்காரும். ரோபினிரோலும் இதே வகை. நடுக்கத்துக்கும் இறுக்கத்துக்கும் நல்ல மருந்துகள், பல ஆயிரம் பேருக்கு நடையைத் திருப்பிக் கொடுத்தவை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பார்கின்சன் நோய் ஸ்ட்ரையேட்டம் முழுவதையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. கைகாலை இயக்கும் மேல்பகுதியில் பஞ்சம் முதலில் வருகிறது. ஆசையையும் முனைப்பையும் கவனிக்கும் கீழ்ப்பகுதி ஓரளவு நன்றாகவே இருக்கும். மேல்வயல் காய்ந்ததென்று மடையைத் திறந்தால் கீழ்வயலில் வெள்ளம் நிற்பது போல, நடுக்கத்துக்குப் போதுமான மருந்து ஆசைப் பகுதிக்கு அதிகமாகிவிடலாம். பிரமிபெக்சோல் மிக நன்றாக ஒட்டிக்கொள்ளும் ஏற்பி வகையும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் நிறைய இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மருந்து ஏற்பியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால், தோற்கும்போது வர வேண்டிய இறக்கம் சரியாகப் பதிவாவதில்லை. மூன்று மணிக்குக் குலுக்கல் முடிந்து ஒன்றும் விழவில்லை என்று கண் பார்க்கிறது. 'வேண்டாம்' என்று சொல்ல வேண்டிய பாதைக்கு அந்தச் சேதி போய்ச் சேர்வதில்லை. நிகழ்தகவு தெரிந்த மூளைதான். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, அடிபட்டுத் திருந்துவது வேறொன்று.

2005ல் மேயோ கிளினிக் மருத்துவர்கள், டோபமின் போல் நடிக்கும் மருந்துகளுக்குப் பிறகு சூதாட்டத்தில் சிக்கிய 11 பார்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் எடுத்தது பிரமிபெக்சோல். 2010ல் வெளிவந்த பெரிய ஆய்வில் அமெரிக்காவிலும் கனடாவிலும் 3,090 நோயாளிகளைக் கேட்டார்கள். இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், அடக்க முடியாமல் பொருள் வாங்குவது, அளவுக்கு மீறிச் சாப்பிடுவது, கட்டுக்கடங்காத பாலுணர்ச்சி ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தது. எடுக்காதவர்களில் 6.9 சதவீதம். ஆறு பேரில் ஒருவர் என்பது ஏதோ அபூர்வமான பக்கவிளைவு இல்லை. ஆனால் எத்தனை வீடுகளில் இதை முன்கூட்டிச் சொல்கிறார்கள்? எங்கள் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியம்மா அந்த ஐந்து மாதமும், ஊருக்கு மரியாதையான கணவர் இந்த வயதில் இப்படி ஆகிவிட்டாரே என்று தனியாகக் குமைந்திருக்க வேண்டியதில்லை.

சூதாட்டம் ஏன் இந்தப் பாதையை இத்தனை சுலபமாகப் பிடிக்கிறது என்பதற்கும் ஷுல்ட்ஸின் கூடத்திலேயே ஒரு துப்பு கிடைத்தது. பரிசு கட்டாயம் வரும் என்றாலும், கட்டாயம் வராது என்றாலும் காத்திருக்கும் நேரத்தில் டோபமின் நரம்பணு பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. வருமா வராதா என்று பாதிக்குப் பாதி இருக்கும்போதுதான் அது காத்திருக்கும் நேரம் முழுக்க ஏறிக்கொண்டே போகிறது. இது 2003ல் வெளியானது. குலுக்கலுக்கு முன்னால் அரை மணி நேரம் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தாரே, அந்த நடைதான் அவருக்கு லாட்டரி. முடிவு வந்ததும் சீட்டை ரப்பர் பேண்டுக்குள் செருகிவிட்டு நாளைக் காலை பஸ்ஸை யோசிக்க ஆரம்பித்துவிடுவார். லூக் கிளார்க்கின் குழு 2009ல் இன்னொன்றைக் காட்டியது. மயிரிழையில் வெற்றி நழுவிய தோல்வியும் மூளையின் பரிசுப் பகுதிகளைக் கிளப்புகிறது, மறுபடி ஆடும் ஆசையைக் கூட்டுகிறது. நல்ல உடம்போடு இருக்கும் இருபது வயதுப் பையன் ஆன்லைன் ரம்மியில் விழுவதும் இதே வாசல் வழியாகத்தான். அவனுக்கு மாத்திரை தேவைப்படவில்லை.

சோம்பேறி என்று சொல்வதற்கு முன்

வேண்டுதலின் இன்னொரு பக்கம் உழைப்பு. கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஜான் சாலமோன், எலிகளுக்கு இரண்டு கிளையுள்ள பாதை அமைத்தார். ஒரு பக்கம் கொஞ்சம் உணவு, போய் எடுத்துக்கொள்ளலாம். மறுபக்கம் நிறைய உணவு, ஆனால் 44 சென்டிமீட்டர் தடுப்பை ஏறிக் குதிக்க வேண்டும். சாதாரண எலி பெரும்பாலும் ஏறும். ஸ்ட்ரையேட்டத்தின் கீழ்ப்பகுதியில் டோபமினைக் குறைத்த எலி, கொஞ்சம் போதும் என்று சுலபமான பக்கம் போய்விடும். தடுப்பை எடுத்துவிட்டால் அதுவும் நிறைய இருக்கும் பக்கத்துக்கே போகும். எது அதிகம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, பசியும் இருக்கிறது. "இத்தனை பாடு படத் தகுமா?" என்ற கணக்கில்தான் விடை மாறியிருக்கிறது.

வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012ல் மனிதர்களிடமும் ஏறக்குறைய இதையே பார்த்தார்கள். சிறு வாய்ப்புக்காகவும் கடினமாக உழைக்கத் தயாராக இருந்தவர்களுக்கு ஸ்ட்ரையேட்டத்தில் டோபமினின் எதிர்வினை கூடுதலாக இருந்தது. இன்சுலா என்ற வேறொரு பகுதியில் கூடுதலாக இருந்தவர்களோ உழைக்கத் தயங்கினார்கள். அதே ரசாயனம், வேறு இடம், எதிர்மாறான விளைவு. 'டோபமின் குறைவு, டோபமின் அதிகம்' என்று ஒட்டுமொத்தமாகப் பேசுவதில் பொருள் இல்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

பார்கின்சன் நோயாளிகளில் பத்துக்கு நான்கு பேருக்கு இந்த முனைப்பின்மை இருக்கிறது. நடுக்கத்துக்கு முன்பே சிலருக்கு வந்துவிடும். மனச்சோர்விலும் இதே முகம் உண்டு. இவர்களைத்தான் வீட்டில் 'சோம்பேறி' என்கிறோம், 'கல்லுப்புள்ளையார் மாதிரி உக்காந்திருக்காரு' என்கிறோம். கேட்டுக்கொண்டு இருப்பவருக்கு எல்லாம் புரியும், பதில் சொல்ல எழும்ப வேண்டிய அந்தச் சிறு முனைப்புதான் இருக்காது. நானும் அப்படிச் சொன்னவர்களில் ஒருவன். அது இன்னும் உறுத்துகிறது.

டோபமின் மட்டும்தானா என்றால், இல்லை. காத்திருக்கும் பொறுமையில் செரோடோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. ஜப்பானின் ஒகினாவாவில் மியாசாகி குழு, சுண்டெலிகளின் செரோடோனின் நரம்பணுக்களை ஒளியால் தூண்டியபோது அவை உணவுக்காக அதிக நேரம் காத்திருந்தன. மாலி கிராக்கட் 2008ல் மனிதர்களின் செரோடோனினைத் தற்காலிகமாகக் குறைத்து, காசு பங்கிடும் விளையாட்டை ஆட வைத்தார். அநியாயமான பங்கை "எனக்கும் வேண்டாம், உனக்கும் வேண்டாம்" என்று உதறியவர்கள் கூடினார்கள். 2022ல் பாரிஸில் செய்த ஆய்வு குளுட்டமேட் என்ற மற்றொரு மூளை ரசாயனத்தைப் பற்றியது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மூளை வேலை செய்தவர்களின் முன்மூளைப் பகுதியில் அது சேர்ந்திருந்தது. அவர்கள் சிரமம் இல்லாத, உடனே கிடைக்கிற பலனையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். கடன் பத்திரமோ நிலப் பத்திரமோ, கையெழுத்தைக் காலையில் போடுவது நல்லது என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

'டோபமின் டீடாக்ஸ்' பற்றியும் ஒரு வார்த்தை. இரண்டு நாள் செல்போனைத் தொடாமல் இருந்தால் டோபமின் கழுவப்பட்டுப் புதிதாக ஊறும் என்கிறார்கள். டோபமின் கழுவி வெளியேற்றும் அழுக்கு கிடையாது, அது இல்லாமல் எழுந்து தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோம். செல்போனைத் தள்ளி வைப்பது நல்ல காரியம்தான். அதனால் நடப்பது, விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு கற்றதைப் போல, சத்தம் கேட்டால் ஏதோ வரும் என்று நாம் கற்ற பழக்கம் தளர்வது. அதற்கு நாளாகும்.

வீட்டில் பார்கின்சன் நோயாளி இருந்தால், கால் உதறும் வியாதிக்கு இதே மாத்திரையைச் சாப்பிடுபவர் இருந்தாலும், அவர் பணம் செலவழிக்கும் விதமோ ராத்திரிப் பழக்கமோ மாறினால் மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். அவராகச் சொல்ல மாட்டார், பெரும்பாலும் மறைக்கத்தான் பார்ப்பார். மனநோய்க்குக் கொடுக்கும் அரிப்பிப்ரசோலுக்கும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016ல் இதே எச்சரிக்கையை வெளியிட்டது. இன்னொன்று, பயந்துபோய் மாத்திரையை நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இந்த மருந்துகளைத் திடீரென்று விட்டால் பதற்றமும் சோர்வும் கடுமையாகத் தாக்கும், உடம்பும் இறுகிப்போகலாம். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மாத்திரை மாற்றிய பிறகு ஒரு சாயங்காலம் பெரியப்பா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மடியில் அந்தச் சீட்டுக்கட்டுகள். ஒவ்வொரு கட்டாகப் பிரித்து, தேதிவாரியாக நோட்டில் எழுதிக் கூட்டிக்கொண்டிருந்தார். கை லேசாக நடுங்கியது, எழுத்து சின்னதாகிக்கொண்டே போனது.

"இதையெல்லாம் வாங்கினது நானா, மாத்திரையா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. விடை வேண்டித்தான் கேட்டார்.

படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். முயல், கறிவேப்பிலைக் கொசுறு, மேல்வயல் கீழ்வயல். முழுக்கக் கேட்டார். "அப்போ வாங்கணும்னு தோணினது எனக்குத்தான். தோண வச்சது அது" என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மொத்தத் தொகைக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, நோட்டைப் பெரியம்மாவிடம் நீட்டினார். பென்ஷன் பாஸ்புக்கும் அதற்குள்ளேயே இருந்தது.